சோனாப்பூரில் நான் கேட்காத மூன்று நடனங்கள்

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தன் அண்ணனோடு உட்கார்ந்து பேச ஒருவருக்கு ஒரே ஒரு பிற்பகல் கிடைக்கிறது. அந்தப் பிற்பகலில் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பிய நடன இசையைக் கேட்கச் செய்யும் உரிமையை எனக்கு யார் கொடுத்தார்கள்? துபாயில் ஐந்து நாள்கள் தங்கித் திரும்பிய எனக்கு, அங்கே கண்ட கட்டடங்களைவிட இந்தக் கேள்வியே அதிகம் நினைவிருக்கிறது. விடை எனக்குத் தெரியும். ஆனாலும் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுவதுதான் முறை.

சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு சிறிய அறக்கட்டளையில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் இசைக்கருவிகளைக் கொண்டுபோய்க் காட்டுவதும் கற்றுக்கொடுப்பதும் எங்கள் பணி. எங்களோடு இருந்தவர் இங்கிரிட். சுவிட்சர்லாந்துக்காரர், வயது ஐம்பத்தெட்டு, புதுச்சேரியில் பன்னிரண்டு ஆண்டுகளாக வாழ்பவர். அவருடைய தமிழ் முழுவதும் பெரிய மார்க்கெட் காய்கறிக் கடைகளில் கற்றது; அதனால் எதைப் பேசினாலும் பேரம் பேசுவது போலவே ஒலிக்கும்.

அவர் வாசிப்பது லூட். பேரிக்காயை நெடுக்காகப் பிளந்தது போன்ற உடல், பின்னோக்கி மடங்கிய தலை, இருபத்து நான்கு நரம்புகள். அவர் அந்த ஆண்டு முழுவதும் ஒரே ஒரு நடனத் தொகுப்பைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். எழுதியவர் பெயர் தெரியாத ஒரு கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது. முன்னுரை போல ஒரு பிரெலூட். அதன் பிறகு அல்மாண்ட், கூரான்ட், சரபாண்ட், ஜீக் என்று நான்கு நடனங்கள். ஒவ்வொரு நடனத்துக்கும் இரண்டு பாதிகள்; ஒவ்வொரு பாதியும் இரண்டு முறை வாசிக்கப்படும். ஆடுவதற்கென்று பிறந்து, பிறகு யாரும் ஆடாமல் உட்கார்ந்து கேட்பதற்கென்றே ஆகிப்போன நடனங்கள் அவை.

துபாயில் ஒரு ஹோட்டலில் வியாழக்கிழமை மாலை அவர் வாசிக்க அழைப்பு வந்தது. செலவை ஒரு கட்டுமான நிறுவனம் ஏற்றுக்கொண்டது. கருவியைச் சுமக்கவும் கடிதங்களுக்குப் பதில் எழுதவும் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நிறுவனத்தின் தொழிலாளர் முகாமிலும் ஒரு நாள் வாசிக்கலாமே என்ற யோசனை என்னுடையது. பணக்காரர்களுக்கு மட்டும் வாசித்துவிட்டுத் திரும்புவது சரியல்ல என்று நான் எழுதிய கடிதம் எனக்கே பிடித்திருந்தது. நிறுவனம் உடனே ஒப்புக்கொண்டது. நாள் வெள்ளிக்கிழமை, நேரம் பிற்பகல் இரண்டரை மணி.

செவ்வாயன்று விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். வெள்ளை உடை, கறுத்த தாடி, தூக்கம் போதாத கண்கள். மூடி திறந்ததும் அந்தக் கண்கள் விரிந்தன. "ஊத்!" என்றார். அரபு நாடுகளின் ஊத் என்ற கருவிதான் ஐரோப்பாவுக்குப் போய் லூட் ஆனது. இங்கிரிட் அதைச் சொல்ல, அவர் நரம்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசை இளைஞரை அழைத்து அரபியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்த இளைஞர் எங்களுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: "எங்கள் வீட்டுப் பையன் வெளிநாட்டுக்குப் போய், தேவைக்கு மேல் நரம்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்கிறார்."

வெளியே டாக்சி ஓட்டுநர், பெஷாவர்க்காரர், பெட்டியை டிக்கியில் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். டிக்கியின் வெப்பத்தில் பசை இளகிவிடும் என்று நான் இந்தியில் விளக்க முயன்றேன். இங்கிரிட் குறுக்கிட்டு, அப்படியானால் தான் டிக்கியில் படுத்துக்கொள்வதாகவும் பெட்டி இருக்கையில் உட்காரட்டும் என்றும் சொன்னார். ஓட்டுநர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார். வழி முழுவதும் கண்ணாடியில் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது அதற்கு சலாம் வைத்தார்.

அன்று கராமாவில் ஒரு தமிழ் உணவகத்தில் சாப்பிட்டோம். சாம்பார் எங்கள் ஊர்ச் சாம்பாரைவிடக் கூடுதல் ஒழுக்கத்தோடு இருந்தது. கத்தரிக்காய் ஓமானிலிருந்து வருகிறது, முருங்கைக்காய் விமானத்தில் வருகிறது என்றார் பரிமாறியவர். விமானத்தில் வந்த முருங்கைக்காயை இங்கிரிட் மரியாதையோடு, சக்கை மிச்சமின்றி மென்றார்.

புதன்கிழமை காலை முகாமைப் பார்க்கப் போனோம். துபாயின் ஓரத்தில், தொழிலாளர் முகாம்களாலேயே நிறைந்த சோனாப்பூரில் தெருவுக்குத் தெரு ஒரே உயரக் கட்டடங்கள். ஒவ்வொரு சன்னலிலும் காயும் நீலச் சீருடைகள். வெறுமையாக நின்ற பேருந்துகள். நிறுவனத்தின் நல அலுவலர் தாமஸ், கோட்டயத்துக்காரர், எங்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். ஒழுங்கை நேசிக்கும் மனிதர். என் கடிதத்தை ஒரு கோப்பில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் டிக் போட்டிருந்தார்.

கூடத்தில் ஒருவர் மேடை செய்துகொண்டிருந்தார். கான்கிரீட் வார்க்கப் பலகையடிக்கும் தச்சர். தமிழர் என்பதால் அன்று சைட்டுக்கு அனுப்பாமல் எங்களுக்காக நிறுத்தியிருந்தார்கள். பெயர் இராசேந்திரன், அரியலூர்ப் பக்கம், முப்பத்தாறு வயதிருக்கும். லூட் வாசிக்கிறவருக்கு இடது கால் சற்று உயர்ந்திருக்க வேண்டும். அதை இங்கிரிட் சொன்னதும் அவர் அளவு நாடாவை எடுத்து, அனுமதி கேட்டு, முழங்கால் உயரத்தை அளந்தார். அரை மணி நேரத்தில் பலகைத் துண்டுகளால் ஒரு கால்மணை தயாராகிவிட்டது. இங்கிரிட் அதில் கால் வைத்துப் பார்த்து, புதுச்சேரி வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தடித்த புத்தகங்களின் மேல் கால் வைத்திருந்தது முட்டாள்தனம் என்றார்.

வேலையோடு வேலையாக அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அண்ணன் மகாலிங்கம் சவுதியில், அல் கோபாரில், டிரெய்லர் ஓட்டுகிறவர். தம்பிக்கு லீவ் கிடைக்கும்போது அண்ணனுக்குக் கிடைக்காது. அண்ணன் ஊருக்குப் போகும்போது தம்பி இங்கே இருப்பார். இரண்டு கம்பெனி, விசா தரும் கபீல் இரண்டு, இரண்டு நாடு.

"எட்டு வருசமாச்சுங்க மேடம். எங்கப்பா காரியத்துக்குக்கூட அவரு வந்துட்டுப் போன மூணாம் நாளுதான் நான் போய் எறங்குனேன். இப்பத்தான் மொத தடவையா அவருக்கு ஷார்ஜாவுக்கு ஒரு லோடு விழுந்திருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழில்பேட்டையில நிக்கிறாரு. அஞ்சு மணிக்கு வண்டிய எடுத்தாகணும். ரெண்டு மணிக்கு நான் போயிட்டா மூணு மணி நேரம் இருக்கு."

மகிழ்ச்சியாக இருந்தது. வாழ்த்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை என்ற சொல்லும் மத்தியானம் என்ற சொல்லும் என் காதில் விழத்தான் செய்தன. அவற்றை எங்கள் நிகழ்ச்சியோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. விருப்பமுள்ளவர்கள் வருவார்கள், வேலை உள்ளவர்கள் போவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வியாழன் மாலை ஹோட்டல் அரங்கம் குளிர்பதனப் பெட்டி போல இருந்தது. வெளியே ஏப்ரல் மாதத்துப் புழுக்கம். ஆட்டுக்குடலில் செய்த லூட் நரம்புகள் இரண்டுக்கும் நடுவில் தவித்தன. இங்கிரிட் மேடைக்குப் பின்னால் அரை மணி நேரம் சுருதி சேர்த்தார். மேடையில் உட்கார்ந்து மீண்டும் சேர்த்தார். பொறுமையிழந்த யாரோ அதையே முதல் உருப்படி என்று நினைத்துக் கைதட்டினார். இங்கிரிட் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

பிறகு தொகுப்பு தொடங்கியது. நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கும்தோறும் புதிதாக ஒன்று பிடிபடும். அல்மாண்ட் இருவர் தோளோடு தோள் நடந்தபடி அவசரமில்லாமல் பேசுவது போன்றது. கூரான்ட் ஓடும், ஆனால் நேராக ஓடாது, காலடியை மாற்றி மாற்றி ஏமாற்றும். சரபாண்ட்டில் இரண்டாம் தட்டில் பாரம் விழும். அந்த இடத்தில் காலம் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஜீக்கில் எல்லாம் மறந்து துள்ளல். லூட்டின் ஒலி மிகச் சிறியது. நான்காம் வரிசைக்குப் பின்னால் இருப்பவர்கள் அதைக் கேட்கவில்லை, நம்பினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். முன்வரிசையில் நிறுவனத்தின் மேலாளர் சரபாண்ட் முழுவதும் உறங்கினார். முடிந்ததும் எழுந்து, முகாமிலும் இதே சிறப்போடு நடத்தும்படி என்னிடம் சொன்னார்.

ஒவ்வொரு பாதியையும் எதற்காக இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்று ஹோட்டலுக்கு வெளியே நடக்கும்போது கேட்டேன். இங்கிரிட் பேரம் பேசும் குரலில் பதில் சொன்னார்: "முதல் வாட்டி சொல்றது. ரெண்டாம் வாட்டி, சொன்னது நெசம்தான்னு காட்டுறது. ஒரு வாட்டி மட்டும் சொன்னா அது விலை கேக்குறது மாதிரி. வாங்குறது இல்ல."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தெருக்கள் நிறைந்திருந்தபோது முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடத்தில் இருநூறு பேருக்கு மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆந்திரா, பீகார், பஞ்சாப், தமிழ்நாடு, வங்கதேசம்; குளித்துத் தலைவாரி, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு. இத்தனை ஆர்வமா என்று வியந்தேன். இரண்டாம் வரிசையில் இராசேந்திரன் இருந்தார். அண்ணனைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாரோ, இல்லை டிரெய்லர் தாமதமோ என்று நினைத்தேன். வெட்கத்தோடு இதையும் எழுதுகிறேன்: இசைக்காகவே இருந்துவிட்டாரோ என்றுகூட ஒரு கணம் பெருமைப்பட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் சமையலறையின் ஆவி இன்னும் மிச்சமிருந்தது. ஒருபக்கம் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. நரம்புகள் நிலைகொள்ளவில்லை. இங்கிரிட் மேடையில் உட்கார்ந்து முறுக்கினார், தட்டினார், கேட்டார், மறுபடி முறுக்கினார். இரண்டரை மணி கடந்தது. இரண்டே முக்காலும் கடந்தது. இருநூறு பேரும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் எழவில்லை. வெள்ளிக்கிழமையில் யாருமே எழாமல் இருப்பது இயல்பு இல்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

முகாமுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் ஹமீது பாய் தேநீர்க் குடுவைகளோடு வந்தார். கீழக்கரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், முகாமில் எல்லோருக்கும் தெரிந்தவர். புதன்கிழமையே எங்களுக்குப் பால் சேர்க்காத சுலைமானித் தேநீர் கொடுத்து, இங்கிரிட்டின் தமிழைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர். குடுவையை மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றார்.

"தங்கச்சி, பள்ளிக்கூடத்துல ஹாஜர் எடுப்பாக. சைட்ல எடுப்பாக. கச்சேரிக்கு ஹாஜர் எடுக்குறத இப்பத்தாம்மா பாக்குறேன். பாட்டு பிடிக்காதவனுக்கு ஆப்சென்ட்டா?"

புரியவில்லை என்றேன். அவர் வாசலைக் காட்டினார். அங்கே ஒரு மேசை. அதன்மேல் நீளமான பதிவேடு. அதன் பின்னால் முகாம் பொறுப்பாளர். நுழையும்போது ஒரு கையெழுத்து, முடிந்து போகும்போது ஒரு கையெழுத்து. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பெயர் ஃபோர்மேனுக்குப் போகும் என்று செவ்வாய்க்கிழமையே அறிவிப்பு ஒட்டியிருந்தார்களாம். இராசேந்திரனின் லீவ் விண்ணப்பம் அந்த ஃபோர்மேனின் மேசையில் இருந்தது.

"அந்தப் பய ரெண்டு மணிலேருந்து கடியாரத்தையே பாத்துக்கிட்டு இருக்கான். அவங்க அண்ணன் என் கடை நம்பருக்கு ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாரு. நான் என்னத்தச் சொல்ல?"

தாமஸிடம் போனேன். அவர் கோபப்படவில்லை, குழம்பினார். கோப்பைத் திறந்து நான் அனுப்பிய படிவத்தைக் காட்டினார். குறைந்தது இருநூறு பயனாளிகள். தொடக்கத்திலும் முடிவிலும் கையெழுத்து. மேடையோடு குழுப்படம். கீழே என் கையொப்பம். எங்களுக்கு நிதி தருபவர்கள் எல்லா நிகழ்ச்சிக்கும் கேட்கும் படிவம் அது. ஊரில் கூட்டம் நடத்தினால் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தேநீர்க் கடைக்கு நழுவிவிடுவார்கள் என்று முடிவில் கையெழுத்திடும் இரண்டாம் கட்டத்தைப் படிவத்தில் சேர்த்ததே நான்தான். அந்தப் படிவத்தை யோசிக்காமல் கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருந்தேன். என் ஊரில் யாரும் பொருட்படுத்தாத அந்த நிபந்தனையை இங்கே ஒரு நேர்மையான அலுவலர் வரிக்கு வரி நிறைவேற்றியிருந்தார்.

அதற்குள் சுருதி சேர்ந்துவிட்டது. இங்கிரிட் பிரெலூட்டைத் தொடங்கினார்.

அடுத்த கால் மணி நேரம் நான் சுவரோரம் நின்று எடைபோட்டேன். கையெழுத்துகள் இல்லாவிட்டால் அறிக்கை நிற்காது. அறிக்கை நிற்காவிட்டால் அடுத்த ஆண்டு ஐந்து பள்ளிகளுக்கு நிதி சந்தேகம். தாமஸ் மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இராசேந்திரனை மட்டும் சத்தமில்லாமல் அனுப்பினால் அவர் பெயர்தான் தனியாகத் தெரியும். அவரை அனுப்புவது நியாயம் என்றால் மற்றவர்களை நிறுத்திவைப்பது என்ன நியாயம்? துணி துவைக்க, முடிவெட்ட, வீட்டுக்குப் பேச, வெறுமனே உறங்க என்று ஒவ்வொருவரும் இந்த மதியத்தை எதற்கோ வைத்திருந்திருப்பார்கள். இந்தக் கூடத்தில் எத்தனை பேருக்கு எத்தனை அண்ணன்கள்?

அல்மாண்ட் முதல் பாதி முடிந்து மறுபடி தொடங்கியது. இராசேந்திரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் பாதி முடிந்து மறுபடி தொடங்கியது. நிதானமாக யோசிப்பதை ஒரு நற்பண்பாகவே நான் வளர்த்துக்கொண்டவள். அன்றுதான் தெரிந்தது, அப்படி யோசிக்க நான் எடுத்துக்கொண்ட நிமிடங்கள் அவருடையவை.

அல்மாண்ட் முடிந்ததும் மேடைக்குப் போய் இங்கிரிட்டின் காதில் சொன்னேன். வாசிப்பை நடுவில் நிறுத்தினால் அவருக்குப் பிடிக்காது. முகம் சுருங்கியது.

"யாரு கையெழுத்து கேட்டது?"

"நான்தான்."

இங்கிரிட் லூட்டை மடியில் சாய்த்துவைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "போறவங்க போங்க. எனக்குக் கோவம் இல்ல. கையெழுத்து கெடையாது." ஹமீது பாய் அதை இந்தியில் மொழிபெயர்த்தார்; கடைசியில், அவ்வளவுதான் என்ற பொருளில் "கலாஸ்" என்று சேர்த்துக்கொண்டார்.

யாரும் நகரவில்லை. எல்லாரும் தாமஸைப் பார்த்தார்கள். நான் பதிவேட்டை எடுத்து, இரண்டாம் கட்டத்தின் மேல் குறுக்குக்கோடு இழுத்து, இந்த மாற்றத்துக்கு நானே பொறுப்பு என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தாமஸிடம் நீட்டினேன். அவர் படித்தார். படமாவது எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

பள்ளிக்கூடம் விட்டது போல நாற்காலிகள் உரசின. சிலர் போகும்போது இங்கிரிட்டுக்குக் கைகூப்பினார்கள். பெரும்பாலோர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் தவறு எதுவும் இல்லை. முப்பது பேரளவில் மிஞ்சினார்கள். இங்கிரிட் மேடையிலிருந்து நாற்காலியையும் கால்மணையையும் தானே கீழே இறக்கி, அவர்கள் நடுவில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்தபடியே நான் வெளியே வந்தேன். என்னால் வீணான நேரத்துக்கு ஈடாக இராசேந்திரனோடு போவதாவது என் கடமை என்று தோன்றியது. மணி மூன்று நாற்பது.

டாக்சி எதுவும் கிடைக்கவில்லை. ஹமீது பாய் தன் கடை வேனை எடுத்தார். முன்னால் நானும் அவரும். பின்னால் குபூஸ் ரொட்டிக் கட்டுகளுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவில் இராசேந்திரன். வழியில் இராசேந்திரனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைங்க மேடம்" என்றார். அதற்கு மேல் அவரைப் பேசவைப்பது என் மன ஆறுதலுக்காகத்தான் இருக்கும் என்பதால் நானும் நிறுத்திக்கொண்டேன்.

ஷார்ஜா தொழில்பேட்டைக்குள் நுழைந்த பிறகுதான் சிக்கல். எந்த இடம் என்று கேட்டதற்கு அண்ணன் போனில் சொன்ன அடையாளம், ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில் என்பது. தொழில்பேட்டையில் டயர் கடைக்குப் பக்கத்தில் இல்லாத இடமே கிடையாது. ஒரே மாதிரி ஷட்டர்கள், ஒரே மாதிரி எண்ணெய்க் கறை, குழி விழுந்த சாலை, ரவுண்டானாவுக்குப் பின் ரவுண்டானா. ஹமீது பாய் ஒவ்வொரு கடையிலும் தலையை நீட்டி, "பாய், சவுதி டிரெய்லர்?" என்று கேட்டார். எல்லோரும் கையைத் தூக்கி வெவ்வேறு திசையைக் காட்டினார்கள். "இவனுக கைகாட்டுறத நம்பினா நாம அல் கோபாருக்கே போயிருவோம்" என்றார். இருபது நிமிடம் அதில் போனது.

முதலில் பார்த்தது இராசேந்திரன்தான். வேன் நிற்பதற்குள் பின்கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

நீளமான டிரெய்லர், மேலே இரும்புக் குழாய்கள். வண்டியின் பக்கவாட்டில் இருந்த தகரப் பெட்டி திறந்து கிடந்தது. தொலைதூர ஓட்டுநர்கள் எல்லோரும் அப்படியொரு பெட்டியில்தான் சமையலறை வைத்திருக்கிறார்கள்: ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு பாத்திரம், உப்பு, மிளகாய்த்தூள். அண்ணன் அதன் முன்னால் நின்றிருந்தார். தம்பியைவிடக் குட்டை, வெயிலில் இன்னும் கறுத்தவர். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னடா, முடியெல்லாம் எங்கடா?" என்றார் அண்ணன்.

"நீ மட்டும் என்னவாம், வயிறு எங்கிருந்து வந்துச்சு?" என்றார் தம்பி.

அண்ணன் ஒரு மணிக்கே மீன் குழம்பு வைத்து முடித்திருக்கிறார். தம்பி வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருந்து, சோறு ஆறிவிட்டது. வண்டியின் நிழலில் அட்டையை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். எதற்காகத் தாமதம் என்று அண்ணன் கேட்டிருக்க வேண்டும். இராசேந்திரன் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்ன விதத்தைக் கேட்டபோதுதான், அத்தனை தவிப்பிலும் அவர் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார் என்று தெரிந்தது.

"ஒரு வெள்ளைக்காரம்மா கச்சேரிண்ணே, முடிஞ்சு கையெழுத்து போடாம யாரும் எந்திரிக்க முடியாது. முக்கா மணி நேரம் நரம்பையே முறுக்குனாங்க. அப்புறம் வாசிச்சாங்க பாரு, கொசு மாதிரி சத்தம். ஆனா காதை அங்கிட்டு இங்கிட்டுத் திருப்ப முடியல. ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பி வேற வேற மாதிரி சொல்றாங்க. அதுக்குள்ள இந்த மேடம் வந்து நிறுத்திட்டாங்க."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் புடிச்சு வெச்சிருந்ததா?"

ஆமாம் என்றேன். விளக்கம் சொல்லவில்லை. அண்ணன் எழுந்தார். பிறகு பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு தட்டை எடுத்துத் துடைத்து, சோறு போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"முள்ளு இருக்கும். பாத்துச் சாப்பிடுங்க."

தட்டை வாங்கிக்கொண்டு, ஹமீது பாயோடு வேனின் மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். பேசுவது காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான். ஆனாலும் சிரிப்பு இரண்டு முறை கேட்டது. ஒருமுறை குரல்கள் தாழ்ந்தன. தந்தையைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஐந்து மணி ஆனதும், எதிரே நின்ற மற்றொரு டிரெய்லரிலிருந்து யாரோ கிளம்பச் சொல்லி "யல்லா, யல்லா" என்று கத்தினார்கள். எல்லையை அன்றே தாண்ட வேண்டும். ஒன்றாக வந்த வண்டிகள் ஒன்றாகத்தான் போகும். அண்ணன் அடுப்பை அணைத்துப் பெட்டியைப் பூட்டினார். மிச்சக் குழம்பைத் தூக்குப் பாத்திரத்தோடு தம்பியின் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். மூன்று மணி நேரமாக இருந்திருக்க வேண்டியது முப்பத்தைந்து நிமிடமாக முடிந்தது.

திரும்பும்போது இராசேந்திரன் முன்னிருக்கையில் உட்கார்ந்தார். நான் வெங்காய மூட்டைமேல். அவர் மடியில் தூக்குப் பாத்திரம்.

கூடத்தில் எல்லாம் முடிந்திருந்தது. இங்கிரிட் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஹோட்டலில் நான் பார்க்காத ஒரு நிறைவு. முப்பத்தொரு பேர் கடைசிவரை இருந்தார்களாம். கூரான்ட்டுக்குப் பிறகு ஒரு பஞ்சாபிக்காரர், நடனம் என்கிறீர்களே, எப்படி ஆடுவது என்று கேட்டிருக்கிறார். இங்கிரிட் கருவியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து சரபாண்ட்டின் அடவைக் காட்டியிருக்கிறார். நான்கைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே காலெடுத்து வைத்திருக்கிறார்கள். ஜீக் முடிந்ததும் சரபாண்ட்டை மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். "லூட்டுக்கு முப்பது பேருதான் கணக்கு. இருநூறு பேரு எதுக்கு?" என்றார்.

சனிக்கிழமை ஊர் திரும்பினோம். பதிவேட்டை, கோடு இழுத்த இரண்டாம் கட்டத்தோடு அப்படியே அறிக்கையில் இணைத்து, நடந்ததை இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நிதி தருபவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஐந்து பள்ளிகளுக்குப் பதில் மூன்று பள்ளிகளுக்கு மட்டும் நிதி வந்தது. விட்டுப்போன இரண்டு பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடமும் நானே நேரில் போய்க் காரணத்தைச் சொன்னேன். ஒருவர் புரிந்துகொண்டார். மற்றவர் இன்றுவரை புரிந்துகொள்ளவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இராசேந்திரனுக்கு ஜூன் மாதம் லீவ் கிடைத்ததாகத் தாமஸ் ஒரு வரி எழுதினார்.

அதன் பிறகு எங்கள் படிவத்தில் இரண்டு கையெழுத்துக் கட்டங்களும் இல்லை. அந்த இடத்தில், இந்த நேரத்தை இவர்கள் வேறு எதற்கு வைத்திருந்தார்கள் என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு அவர்களிடமே பதில் கேட்டு எழுதிய பிறகுதான் நாள் குறிக்கிறேன்.